வாடகையைக் கடைசியாகக் கேளுங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் வீடு தேடுகிறவர்களுக்கு

ராமநாதபுரம் கடலோரத்துக்கு மாற்றலாகி வருகிறவர்களும் பிழைப்புக்கு வருகிறவர்களும் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். அதைக் கடைசியாகக் கேளுங்கள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று தெற்கே போனாலும், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேசுவரம் என்று கிழக்கே போனாலும், முதல் கேள்வி "நல்ல தண்ணிக்கு என்ன செய்றீக?" என்பதாக இருக்கட்டும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் தனியாக வீடு தேடியதில் டோக்கன், புரோக்கர் கமிஷன், இரண்டாம் தடவை சாமான் ஏற்றி இறக்கிய கூலி என்று 20,000 ரூபாய்க்கு மேல் கரைந்தது. பணம் போனதைவிட, வாசல் வாசலாக நின்று ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு பெரிது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலுப்பில் பாதியாவது குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. இந்தக் கடலோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. வீட்டு போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) வருகிற உப்புத்தண்ணி குளிக்க, துவைக்க, கழுவ மட்டும்தான். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி தனியாக வேண்டும். 2009-இல் செயல்பாட்டுக்கு வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுவருகிறது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. குழாயின் கடைக்கோடியில் இருக்கும் தெருக்களுக்கு அழுத்தம் குறைந்து சொட்டும், பல நாள் அதுவும் இருக்காது. அங்கெல்லாம் தண்ணி வண்டிதான் கதி. குடம் 10 முதல் 15 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 4 குடம் வேண்டும். குடம் 12 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்கு 48, மாதத்துக்கு 1,440. அப்படியானால் 4,500 ரூபாய் வாடகை வீடு உண்மையில் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் வீடு. காவிரித் தண்ணி ஒழுங்காக வருகிற தெருவில் 5,500 கேட்டாலும் அதுதான் மலிவு. மாடி போர்ஷன் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். தண்ணி வண்டி தெருவில்தான் நிற்கும். அத்தனை குடத்தையும் தினமும் படியேற்றப் போவது யார்? வீட்டில் வயதானவரோ கர்ப்பிணியோ இருந்தால் கீழ்வீட்டுக்கு 500 ரூபாய் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

"காவிரித் தண்ணி வருது" என்று வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் இணைப்பா, தெருக்குழாயா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அதே கேள்வியைப் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம். வேலைக்குப் போகிற தம்பதி என்றால் தண்ணி வரும் நேரம் ரொம்ப முக்கியம். பகல் 11 மணிக்கு வரும் தண்ணியைப் பிடிக்க ஆளில்லாவிட்டால் அது வந்தும் பயனில்லை. தரைக்குக் கீழே சம்ப் இருந்து, காவிரிக் குழாய் நேரே அதில் விழுகிற மாதிரி இருந்தால் அந்தக் கவலை இல்லை. அப்படிப்பட்ட வீடு கிடைத்தால் மற்ற சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உப்புத்தண்ணியிலும் தரம் உண்டு. பார்க்கப் போகிற அன்று குழாயைத் திறந்து ஒரு கை அள்ளிப் பார்த்தால் போதாது, ஏனென்றால் மேல்தொட்டியில் லாரித் தண்ணி நிரப்பி வைத்திருக்கக்கூடும். மோட்டாரைப் போடச் சொல்லி 10, 15 நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் விழுகிற இடத்தில் பிடியுங்கள். கையில் துணிசோப்பைக் குழைத்துப் பாருங்கள். நுரை வராமல் திரிதிரியாகத் திரிந்தால் கடினநீர். தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீடு தேடும் காலத்தில் அது பையில் இருக்கட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை. மீட்டர் 2,000-ஐத் தாண்டினால் குடிப்பதை விடுங்கள், ஹீட்டர் காயிலில் படலம் ஏறும், வாஷிங் மெஷின் வால்வு அடைக்கும், பித்தளைக் குழாய்கூடப் பச்சை பூக்கும். இந்தச் செலவெல்லாம் குடியிருப்பவர் தலையில்தான் விழும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு இன்னும் ஏறும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்த்துவிட்டுத் தண்ணி பரவாயில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பாம்பன் தீவில் நிலைமை கொஞ்சம் வேறு. தங்கச்சிமடம் பக்கம் மணற்பாங்கான இடங்களில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதக்கும். ஆழமில்லாத கிணற்றில் நல்ல நீர் இருக்கும், ஆழமாக போர் போட்டால் உப்புநீர் மேலேறிவிடும். அங்கே கிணறு உள்ள பழைய வீடு, போர் போட்ட புது வீட்டைவிட மேலானதாக இருக்கலாம்.

வீடு எங்கே தேடுவது? இந்தச் சிற்றூர்களில் இணைய விளம்பரத்தில் வருவது கொஞ்சம்தான். டு-லெட் போர்டுகூட எல்லாரும் மாட்டுவதில்லை. காலியாக இருக்கிற வீட்டைப் பற்றி முதலில் அறிகிறவர் தண்ணி வண்டிக்காரர். எந்த வீட்டில் குடம் வைப்பது நின்றுபோனது என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்து சிலிண்டர் போடுகிறவர், தேய்ப்பு வண்டிக்காரர், தெருமுனை மளிகைக்கடை. குடியேற நினைக்கும் தெருவில் காலையில் ஒரு டீ குடித்துவிட்டு இவர்களிடம் கேளுங்கள். புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். அதை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மட்டும் கொடுங்கள். வீடு காட்டுவதற்கே 300, 500 என்று கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

மாதமும் பார்க்கவேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் பால் காய்ச்சமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு காலியாகவே கிடக்கும், வீட்டுக்காரரும் இறங்கி வருவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் பேரம் பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது. நம்பிக்கை உண்டென்றால் அந்த மாதங்கள் பிறக்கும் முன்பே பால் காய்ச்சிவிட்டு மெதுவாகக் குடிபோங்கள். ராமேசுவரத்துக்குள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்துக்கு நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பது மாத வாடகையைவிடப் பெரிது. கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளை மாத வாடகைக்குத் தர ஆள் குறைவு. தங்கச்சிமடம், பாம்பன் என்று விலகிப் பாருங்கள்.

இனி மனசைக் காயப்படுத்துகிற விஷயம். "எத்தன பேரு, என்ன வேல" என்று தொடங்கி மூன்றாவது கேள்வியாக "என்ன ஆளுக?" என்பது வரும். அது சாதியைக் கேட்பது. கேட்பவர் கூசாமல் கேட்பார், பதில் சொல்கிறவர்தான் கூசி நிற்க வேண்டியிருக்கும். சில தெருவில் மதம், சில வீட்டில் கவிச்சி சமைப்பீர்களா என்பது, தனியாக இருக்கும் பெண்ணென்றால் யார் யார் வந்துபோவார்கள் என்பது. இதில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பொய் சொல்லிக் குடியேற வேண்டாம் என்றே சொல்வேன். தெரியவரும் நாளில் அட்வான்ஸும் கையில் இல்லாமல், அடுத்த வீடும் பார்க்காமல் வெளியே நிற்கவேண்டி வரும். போனில் பேசும்போதே உங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் வீணான அலைச்சலும் அவமானமும் குறையும். அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவக் கல்லூரி, மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் பகுதிகளில் இந்தக் கேள்வி குறைவு. அங்கே ஏற்கெனவே வெளியூர் ஆட்கள் பழகியிருக்கிறார்கள்.

வீட்டைப் பார்க்கப் போனால் கண் முதலில் மேலே போகட்டும். கடலோரக் கான்கிரீட்டின் எதிரி உப்பு. உப்புக்காற்றும், கட்டும்போதே கலவையில் சேர்ந்த உவர்நீரும் உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிடப் பருமன் கூடியது, அது உப்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரையில் கம்பி ஓடும் வாக்கில் நேர்கோட்டு விரிசல், பழுப்புக் கசிவு, புதிதாகப் பூசிய திட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். ஒட்டடைக் கம்பால் தட்டினால் திடமான இடத்தில் 'டங்' என்றும், பெயர்ந்து நிற்கிற இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். கட்டில் போடுகிற இடத்துக்கு மேலே பொள்ளல் கேட்டால் அந்த வீடு வேண்டாம். மின்விசிறிக் கொக்கியை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தின்று மெலிந்த கொக்கியை மாற்றித் தந்த பிறகே குடியேறுங்கள். சுவரில் கீழிருந்து மூன்றடிக்கு மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அங்கே உப்புப் பொரிந்திருக்கிறது என்று பொருள். மழைக்குப் பிறகு மறுபடியும் வெள்ளைத் தூளாக உதிரும். அந்தச் சுவரையே காரணம் காட்டி நீங்கள் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள். அதனால் முதல் நாளே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

மழையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது பொதுவாகக் கேட்காமல் தேதி சொல்லிக் கேளுங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. "அன்னைக்கு இந்தத் தெருவுல எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?" என்றால் சரியான பதில் வரும். திரும்பத் திரும்ப ரோடு போட்டு உயர்ந்துபோன தெருவில் வாசல்படி ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால் சின்ன மழைக்கே உள்ளே வரும். செப்டிக் டேங்க் இன்னொரு தொல்லை. மணல் பூமியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறித் தொட்டிக்குள் புகுந்துவிடும், கழிவறையில் ஊற்றிய தண்ணி இறங்காது. இரண்டு வாளி சேர்ந்தாற்போல ஊற்றிப் பாருங்கள். பக்கத்தில் சீமைக்கருவேலம் மண்டிய காலிமனை இருந்தால் பாம்பு வரும். மீன் இறங்குதளம், ஐஸ் கம்பெனி, கருவாடு காய்ப்பு இடம் பக்கத்தில் இருந்தால் வாடகை குறைவு, விடியலுக்கு முன்பே வண்டிச் சத்தமும் இருக்கும். தகரக் கூரை என்றால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றைத் தாங்குகிற மாதிரி ஆணி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று: தனி மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக யூனிட் விலை ஏறும். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பென்றால் மூவரின் யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும், இலவச யூனிட்டும் ஒருவருக்குத்தான். சப்-மீட்டர் வைத்து யூனிட் 8, 9, 10 என்று வசூலிப்பார்கள். எந்த விலை என்பதையும், பொது மோட்டார் யார் கணக்கில் என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு எண்ணை வாங்கி மின்வாரியத் தளத்தில் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வீடு பிடித்ததும் டோக்கன் கேட்பார்கள். கொடுக்கும் முன் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். கடலோர ஊர்களில் உரிமையாளர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருப்பார், சாவி உறவுக்காரர் கையில் இருக்கும். கீழக்கரைப் பக்கம் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். அதனால் பேசுகிறவர் மாமனாராகவோ மருமகனாகவோ இருந்தாலும் ஆவணத்தில் பெயர் அந்த வீட்டுப் பெண்ணுடையதாக இருக்கலாம். வீட்டுவரி ரசீது, மின்கட்டண அட்டை இரண்டிலும் உள்ள பெயரைப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர் கொடுத்த பவர் பத்திரத்தின் நகல் வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் ஒருமுறை பேசிவிடுங்கள். டோக்கன் 1,000, 2,000-க்கு மேல் வேண்டாம். ரொக்கமும் வேண்டாம், அவர் கணக்குக்கு அனுப்பி, 'இன்ன வீட்டு வாடகை முன்பணம், ஒப்பந்தம் நடக்காவிட்டால் திருப்பித் தரப்படும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி அவரிடமிருந்து 'சரி' என்று பதில் வாங்குங்கள். என் 5,000 ரூபாய் டோக்கன் திரும்பாமல் போனது, அந்த வீட்டை வேறொருவர் கூடுதல் வாடகைக்குக் கேட்டார் என்பதற்காக. கையில் எழுத்து இல்லாததால் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

ஒத்திக்கு என்று சொல்லி வருகிற வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மாத வாடகை கிடையாது, 2 லட்சமோ 4 லட்சமோ ஒரே தொகையாகக் கொடுத்து, ஒன்றிலிருந்து மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது வட்டியில்லாமல் முழுத்தொகையையும் வாங்கிக்கொள்வது ஒத்தி. கையில் சேமிப்பு உள்ளவருக்கு ஆதாயமாகத் தெரியும். ஆபத்து திருப்பித் தரும் நாளில் இருக்கிறது. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் கடனை அடைக்கவோ கல்யாணத்துக்கோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் உங்கள் பணம் வரும். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து தவணை கட்டாமல் போனால், வங்கி வீட்டைக் கையகப்படுத்தும்போது உங்கள் ஒத்தித் தாளை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவுசெய்த பத்திரமாக இருக்கவேண்டும். முத்திரைத்தாளில் எழுதி நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் அது அடமான உரிமை ஆகாது. ஒத்திக்குப் போவதானால் வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டுகிற வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் எடுத்துப் பாருங்கள், மூலப்பத்திரம் அசலாக வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள் (அசல் இல்லையென்றால் பெரும்பாலும் அது வங்கியிலோ அடகிலோ இருக்கிறது), சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதியச் செலவாகிறது என்று வீட்டுக்காரர் தயங்கினால் செலவைப் பங்கு போடுங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் மாத வாடகை வீடே நிம்மதி.

மாத வாடகைக்கும் எழுத்து வேண்டும். தமிழ்நாட்டின் நகர்ப்புறப் பகுதிகளில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். அரசின் வாடகைப் பதிவுத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். 11 மாத ஒப்பந்தம்தானே, பதியத் தேவையில்லை என்று சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய பழைய கணக்கு, வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. எழுத்து ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு, ஆகவே இது உங்கள் பாதுகாப்புக்கும்தான். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய. அதாவது பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. இதற்கு மாறாக எழுதியிருந்தால் கையெழுத்துக்கு முன் திருத்தச் சொல்லுங்கள். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களைக் காலி செய்ய வைக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை, அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். இங்கே ஒப்பந்தத்தில் கூடுதலாக ஒரு வரி கட்டாயம்: நல்ல தண்ணி எங்கிருந்து, மோட்டார் ரிப்பேரானால் எத்தனை நாளுக்குள் சரிசெய்வது, அதுவரை வாங்குகிற தண்ணிக்குப் பணம் யார் தருவது.

குடியேறும் அன்று சாமான் இறக்கும் முன்பு மீட்டர் ரீடிங், சுவர்கள், கூரை, குழாய்கள், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் பொரிகிற சுவர் மரத்தையும் தகரத்தையும் சேர்த்தே தின்னும். வாடகையைக் கணக்கில் போடுங்கள், ரொக்கம்தான் வேண்டும் என்றால் மாதாமாதம் ரசீது வாங்குங்கள்.

காலி செய்யப் போவதை ஒப்பந்தத்தில் உள்ள கெடுவுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதானால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸைத் தரவேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்காரரும் சொல்வது. அதற்குச் சம்மதித்து வெறுங்கையோடு கிளம்பாதீர்கள். கடைசி மீட்டர் ரீடிங், பிடித்தம் எதற்கு எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதி, சாவி கொடுக்கிற அதே நேரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாவி கைமாறிய தேதியும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். ஒரு மாதக் கெடு ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.